மலைப்பள்ளியில் இங்கிலீஷ் எடுக்கும் மகனுக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். போனில் நீ பேசுவதில் பாதி டவர் இல்லாமல் அறுந்துபோகிறது. மீதியில் "பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ் எங்கே, ஆர் எங்கே என்றே தெரியவில்லை அம்மா" என்ற புலம்பல்தான் காதில் விழுகிறது. சரி, எழுதியே விடுவோம் என்று உட்கார்ந்தேன். ரிடையர் ஆகும்வரை விருத்தாசலத்தில் இதே பாடத்தை எடுத்தவள், சொந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப்போகிறேன்?

முதலில் உன் எச்.எம். விஷயம். "மினிமம் மெட்டீரியலைப் படிக்க வையுங்க சார், 35 வந்தால் போதும்" என்று அவர் சொன்னதில் உனக்கு ஏகக் கோபம். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் பத்தாவது பாஸ் பண்ணிக் கீழே வந்து ப்ளஸ் ஒன் சேருவது லேசான காரியமா? மெமரி போயம், ரோடு மேப், லெட்டர், விளம்பரம், படத்தைப் பார்த்து எழுதுவது, இவற்றைத் தேற்றிவிட்டால் கரையேறிவிடலாம். அதைச் செய். செய்கிற விதத்தில்தான் உன் சாமர்த்தியம் இருக்கிறது.

அந்த ரோடு மேப் கேள்வியையே எடுத்துக்கொள். "கோ ஸ்ட்ரெய்ட், டேக் தி ஃபர்ஸ்ட் லெஃப்ட்" என்று நாலு வரியை உருப்போட வைத்து மார்க் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். எல்லாரும் அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் நம் பக்கத்திலேயே அதை வைத்துப் பெரிய சோதனை ஒன்று நடந்திருக்கிறது. என்.எஸ். பிரபு என்று ஒருவர், அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தார். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில் இலக்கணப் பாடத்தையே நீக்கிவிட்டுப் பார்த்தார். பதிலுக்குக் கையில் கொடுத்தது என்ன தெரியுமா? ரயில் டைம்டேபிள், ஊர் வரைபடம், கணக்குப் புதிர் மாதிரிச் சமாச்சாரங்கள். "இந்த வண்டியை விட்டுவிட்டால் அடுத்தது எப்போது, அதில் போனால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேரலாமா?" என்று கேள்வி. வாத்தியார் இங்கிலீஷில் கேட்பார், பிள்ளை யோசித்து விடை சொல்ல வேண்டும். பிள்ளையின் கவனமெல்லாம் வண்டியைப் பிடிப்பதில் இருக்கும்; வாக்கிய அமைப்பு அது பாட்டுக்கு உள்ளே இறங்கும் என்பது அவர் கணக்கு. 1987-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். வெளியிலிருந்து வந்து சோதித்தவர்கள் ஓரளவு சாதகமாகத்தான் சொன்னார்கள், முழுசாக நிரூபித்தாயிற்று என்று சொல்லவில்லை. எனக்கும் இலக்கணத்தைச் சுத்தமாகத் தூக்கிப் போடுவதில் சம்மதம் கிடையாது. ஆனால் யோசிக்க ஒரு விஷயம் கொடுத்தால்தான் பேச வாய் வரும் என்பதை வகுப்பில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புத்தகத்தில் இருக்கிற மேப்பை விட்டுவிடு. பஸ் ஸ்டாண்ட், பார்க், போஸ்ட் ஆபீஸ் எல்லாம் போட்டிருப்பான், உன் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்க்கையே பார்த்திருக்க மாட்டார்கள். வெள்ளிமலைச் சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிற வழியை அவர்களையே போர்டில் வரையச் சொல். ஒருத்தனை "நீதான் புதுசாக வந்த டாக்டர்" என்று நிறுத்து, மற்றவர்கள் அவனுக்கு வழி சொல்லட்டும். தப்பாகச் சொன்னால் டாக்டர் மரவள்ளிக் கொல்லையில் போய் நிற்பார். வகுப்பு சிரிக்கும். லெஃப்ட், ரைட் அதன் பிறகு ஆயுசுக்கும் மறக்காது.

இனி இலக்கணம். பரணிலிருந்து இறக்கிக் கொடு என்று நீ கேட்ட ரென் அண்ட் மார்ட்டினை அப்பா தூசி தட்டி வைத்திருக்கிறார். நல்ல புத்தகம், ஆனால் அது உனக்கு, பிள்ளைகளுக்கு இல்லை. (அதை எழுதிய ரென் துரை அந்தக் காலத்து பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் இருந்தவர். பிரெஞ்சு அந்நியப் படையை வைத்துச் சாகச நாவல்களும் எழுதித் தள்ளியவர். அந்த ஆளா இந்த அப்பளக் கட்டு மாதிரியான பயிற்சிகளையும் எழுதினார் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.) நம் பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று அதில் இருக்காது. அது உனக்குத்தான் தெரியும், நீ தமிழ்க்காரன்.

"ஐ ஹாவ் கம் யெஸ்டர்டே" என்று ஒருத்தி எழுதினால் அது அசட்டுத் தப்பு இல்லை. தமிழில் "மாமா நேற்றே வந்திருக்கிறார்" என்று தாராளமாகச் சொல்கிறோம். 'வந்திருக்கிறார்' பக்கத்தில் 'நேற்று' உட்காரலாம். இங்கிலீஷில் எப்போது என்று சொல்லிவிட்டால் 'ஹாவ்' எழுந்து போய்விட வேண்டும். இதைத் தமிழிலேயே அஞ்சு நிமிஷம் பேசு. ப்ரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் என்ற பெயரை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பாசிவ் வாய்சை எடுக்கும்போது "ராமா ஈட்ஸ் எ மேங்கோ, எ மேங்கோ இஸ் ஈட்டன் பை ராமா" என்று ஆரம்பித்துவிடாதே. ராமன் பாட்டுக்கு மாம்பழம் தின்கிறான், அதை ஏன் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் புரியாது. யார் செய்தது என்று தெரியாதபோதும், சொல்ல வேண்டாத போதும்தான் அது வேண்டியிருக்கிறது. பேப்பரில் 'டூ அரெஸ்டட்' என்று தலைப்புப் போடுகிறான். யார் பிடித்தது? போலீஸ்தான், வேறு யார்? அதனால் அவன் சொல்வதில்லை. இந்த மாதிரித் தலைப்புகளை வெட்டி ஒட்டி, விட்டுப்போன சொற்களைப் போட்டு முழு வாக்கியமாக்கச் சொல்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சுக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு பையனை எட்டாம் வகுப்பு டீச்சரிடம் அனுப்பு. இங்கிலீஷில் ஒரு சேதி சொல்லிவிட்டு, அவர் சொல்கிற பதிலைக் கேட்டுவந்து வகுப்புக்கு இங்கிலீஷிலேயே சொல்லட்டும். "ஷீ செட் ஷீ வாஸ் பிஸி" என்று திக்கித் திணறிச் சொல்வான். அதுதானே பாடம்.

கட்டுரைக்கு வருகிறேன். இங்கேதான் என் வயிறு எரியும். திருத்த உட்கார்ந்தால் ஒரு கட்டு பேப்பர் முழுக்க ஒரே கட்டுரை. புத்தகத்தின் பயன் என்றாலும் சரி, சுற்றுச்சூழல் என்றாலும் சரி, ஒரே முன்னுரை, ஒரே பொன்மொழி, ஒரே கைடு, ஒரே அச்சுப்பிழை. மாட்டைப் பற்றிப் படித்துவிட்டுப் போனவன் தென்னை மரத்தைப் பற்றிக் கேட்டதும், மரத்தில் மாட்டைக் கட்டிவிட்டு மாட்டை எழுதிய கதை நமக்குத் தெரிந்ததுதான். சிரிக்கிறோம். அவனை அப்படி ஆக்கியது யார்?

ஒருமுறை பத்தாம் வகுப்பில் "வீட்டில் ஒருவரைப் பற்றி அஞ்சு வரி, கைடில் இருந்து ஒரு வரிகூட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுதினாள்: "மை கிராண்ட்மதர் டூத் நோ. ஷீ ஈட் ஒன்லி களி. ஷீ சே ஐ டை நெக்ஸ்ட் இயர். எவ்ரி இயர் ஷீ சே." அந்த நாலு வரியில் பாட்டி வந்து உட்கார்ந்துவிட்டாள். இலக்கணப்படி பார்த்தால் ஒரு வரி தேறாது. சிவப்பு மையை எடுத்தால் பக்கமே ரத்தக் களறியாகிவிடும், அவளும் அடுத்த முறை கைடுக்கே போய்விடுவாள். வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிட்டு, "ஷீ வந்தால் பின்னாடி என்ன வரும்?" என்று ஓரத்தில் எழுதினேன். ஈட்ஸ், சேய்ஸ் என்று அவளே மாற்றிக்கொண்டு வந்தாள். பல் விஷயத்தை மறு வாரம் பார்த்தோம், 'ஹாஸ் நோ டீத்' என்று. ஒரு தடவைக்கு ஒரு தப்பு. அவ்வளவுதான் ஒரு பிள்ளையால் தாங்க முடியும். அறுபது நோட்டைத் திருத்துகிற உனக்கும் அதுதான் தாங்கும்.

உன் பிள்ளைகளிடம் எழுத எவ்வளவு இருக்கிறது! கடுக்காய் பொறுக்குவது, தேன் எடுக்க ராத்திரியில் போவது, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நடந்து ஊர் சேருவது. இதையெல்லாம் முதலில் தமிழில் சொல்ல விடு, தமிழ் கலந்தே எழுதட்டும். தெரியாத சொல்லை உன்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். சாமைக்கு இங்கிலீஷில் என்ன என்று கேட்டால் 'லிட்டில் மில்லட்' என்று சொல்லிவிட்டு நகரு. 'சாமை' என்றே எழுதினாலும் குடி முழுகிப்போகாது.

பரிட்சைக் கட்டுரையைத் தனியாகச் சொல்லிக் கொடு. அதற்கு ஒரு சட்டகம் உண்டு, அதைக் கற்றுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அதையே எழுத்து என்று பிள்ளைகள் நம்பிவிடாமல் பார்த்துக்கொள்.

புரோஸ் பாடங்களில் 'தி லாஸ்ட் லெசன்' எடுக்கப்போவதாகச் சொன்னாய். அவசரப்பட்டு சம்மரியில் முடித்துவிடாதே. அல்ஃபோன்ஸ் தோதே எழுதினது, 1873-ல் புத்தகத்தில் வந்தது. 1870-ல் தொடங்கின யுத்தத்தில் பிரான்ஸ் தோற்று, அல்சாஸ் ஜெர்மனி கைக்குப் போனதும், இனிமேல் பள்ளிகளில் ஜெர்மன்தான் என்று உத்தரவு வருகிறது. கதை சொல்கிற பையன், ஃபிரான்ஸ் என்று பெயர், அன்று ஏன் பயந்துகொண்டே பள்ளிக்குப் போகிறான், கவனித்தாயா? வாத்தியார் இலக்கணத்தில் பார்டிசிபிள் கேட்பார், அவனுக்கு ஒரு அட்சரம் தெரியாது! உன் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அந்த ஃபிரான்ஸ் பையன் மாதிரிதான். அதைச் சொல்லித் தொடங்கு, கதைக்குள் அவர்களே வந்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம், கைடில் கிடைக்காது. அல்சாஸில் அன்றைக்குப் பெரும்பாலோர் வீட்டில் பேசியது பிரெஞ்சு இல்லை, ஜெர்மனோடு உறவுள்ள வட்டாரப் பேச்சு. கதையில் வருகிற ஹாமெல் வாத்தியார் உருகி உருகிப் புகழ்கிற பிரெஞ்சு, அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக்கூடத்து பாஷை. வீட்டில் ஒன்றும் பள்ளியில் ஒன்றுமாகப் பேசுகிறவர்கள் இந்தக் கதையை எப்படிப் படிக்கிறார்கள் என்று உன் வகுப்பைக் கேட்டுப் பார். தமிழிலேயே பதில் சொல்லட்டும். ஹாமெல் சொல்வது முழுக்க நியாயம்தானா என்று யாராவது ஒரு குறும்புக்காரி கேட்டால் உனக்கு அதைவிட என்ன வேண்டும்?

நான்-டீடெய்லில் 'டெம்பெஸ்ட்' இருக்கிறது. நடிக்க வை. ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பிள்ளைகளுக்குக் கதையாக எழுதியவர்கள் சார்லஸ் லாம்பும் அவர் அக்கா மேரியும். இந்தக் கதை மேரி எழுதினது. 1807-ல் புத்தகம் வந்தபோது அட்டையில் தம்பி பெயர் மட்டும்தான். பெண் பிள்ளைகளிடம் இதை மறக்காமல் சொல்.

பாட்டுக்கு ரைம் ஸ்கீம், சிமிலி, மெட்டஃபர் எல்லாம் மார்க்குக்கு வேண்டியதுதான். ஆனால் முதல் நாளே பாட்டை அறுத்து கூறு போடாதே. சத்தமாக நீ வாசி. உனக்கு நல்ல குரல், சின்ன வயசில் ஒப்புவித்தல் போட்டிக்குப் போனவன்தானே.

இங்கிலீஷ் பேப்பர் பழைய கட்டு ரெண்டும் அந்த ரென் அண்ட் மார்ட்டினும் அப்பா புதன்கிழமை கள்ளக்குறிச்சி பஸ்ஸில் நம் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறார். ஸ்டாண்டுக்குப் பதினொரு மணிக்கு யாரையாவது அனுப்பு. குளிர் ஆரம்பித்துவிட்டது என்கிறாய், ஸ்வெட்டரும் அந்தப் பையில்தான் இருக்கிறது. பிள்ளைகள் கைடு பார்க்காமல் எழுதினதில் நாலைந்தை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பு, நீ திருத்துகிறதுக்கு முன்னால்.

அன்புடன்,
அம்மா