ஆம்புலன்ஸ் வந்தால்தான் ஆட்டம்

அன்பு ரூம்மேட்டுக்கு,

உன் மெயில் வந்து வாரக்கணக்காகிவிட்டது. பதில் போட முடியாமல் போனதற்கு சீசன்தான் காரணம். இங்கே ஜெர்மனியில் வசந்தத்தில் ஆட்டம் தொடங்கிவிட்டால் இலையுதிர் காலம் வரை எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. "கிளினிக்ல வேலைன்னு சொன்ன, இப்ப ஏதோ ஃபுட்பால் டீம்ங்கிற, என்னடி நடக்குது அங்க" என்று கேட்டிருந்தாயே, அதை விரிவாகவே எழுதுகிறேன். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன், அதற்கு இந்தக் கதை முழுக்க உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கிளினிக் வேலை அப்படியேதான் இருக்கிறது. இது அதற்கு மேல், சம்பளமில்லாமல். நாம் பார்க்கும் கால்பந்து இல்லை இது, அமெரிக்கன் ஃபுட்பால். இரண்டு முனையும் கூரான பந்து, ஹெல்மெட், தோள் கவசம், ஓடி வருபவனை ஆளோடு சாய்ப்பது, அந்த ஆட்டம். ஜெர்மனியில் இது எங்கிருந்து வந்தது என்று நானும் முதலில் குழம்பினேன். போருக்குப் பிறகு அமெரிக்கப் படைகள் பிராங்க்பர்ட் பக்கமெல்லாம் முகாமிட்டிருந்ததால் ஆட்டமும் கூடவே வந்திருக்கிறது. நாட்டின் முதல் கிளப் 1977இல் பிராங்க்பர்ட்டில்தான் உருவானது, 1979இல் தேசிய லீக்கே தொடங்கிவிட்டார்கள். நடுவில் அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்எஃப்எல் ஐரோப்பாவுக்கென்று தனி லீக் நடத்திப் பார்த்து 2007இல் மூடிவிட்டுப் போனது. ஊர்க் கிளப்புகள் போகவில்லை. இப்போது என்எஃப்எல் திரும்பி வந்து 2022இல் மியூனிக்கிலும் 2023இல் பிராங்க்பர்ட்டிலும் ஆட்டம் நடத்தியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. எங்கள் கிளப் அந்த உயரத்தில் இல்லை. பிராங்க்பர்ட்டுக்குப் பக்கத்துச் சிறு ஊர், கீழ்ப்பிரிவு லீக், நகராட்சி மைதானம், மழை பெய்தாலும் குடையோடு வந்து உட்காரும் சில நூறு பேர்.

நான் எப்படி உள்ளே போனேன் தெரியுமா? இங்கே பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளவே அரசின் அனுமதி வேண்டும். நம் பிபிடி பட்டத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பி2 நிலை ஜெர்மன் தேர்ச்சியும் காட்டிய பிறகுதான் அந்தக் காகிதம் வரும். அதுவரை வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கிளப்பில் ஆட்ட நாளுக்கு உதவியாளர்கள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். தண்ணீர் நிரப்பினேன், டவல் மடித்தேன், ஐஸ் பைகள் கட்டினேன். மொழி வந்ததும் அங்கேதான், வகுப்பில் வந்ததைவிட வேகமாக. அங்கீகாரம் கைக்கு வந்த வாரமே வீரர்களின் கணுக்காலில் சுற்றும் டேப் ரோலைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

ஆட்ட நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு விடிகாலையிலேயே கோடு போடுபவர்கள் வந்துவிடுவார்கள். அது கால்பந்து மைதானம், எங்கள் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 110 மீட்டர் நீளம், 49 மீட்டர் அகலம், ஐந்து கெஜத்துக்கு ஒரு குறுக்குக் கோடு, நடுவில் கெஜத்துக்கு கெஜம் சின்னச் சின்னக் குறிகள். கயிறு கட்டி, அளந்து, குனிந்து குனிந்து போட்டு முடிக்கும்போது அவர்களுக்கு இடுப்பு போய்விடும், அதுவும் என் மேஜைக்குத்தான் வரும். ஒருவர் மைதானத்தின் கோடியில் உயரமான கம்பத்தில் கேமரா கட்டுவார், அந்தப் படத்தை வைத்துத்தான் கோச் அடுத்த வாரம் பாடம் எடுப்பார். இன்னொருவர் பந்து எவ்வளவு முன்னேறியது என்று அளக்கும் பத்து கெஜச் சங்கிலியைப் பிரித்துச் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார். கேன்டீனில் வீரர்களின் அம்மாக்கள் கேக் அடுக்குவார்கள், அந்த விற்பனையில்தான் பாதி பஸ் செலவு ஓடுகிறது.

சம்பளம் என்று வாங்குபவர்கள் அமெரிக்காவிலிருந்து ஒரு சீசனுக்கு வரும் ஒன்றிரண்டு பேர் மட்டும், பெரும்பாலும் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். அவர்களுக்கும் ஓர் அறை, விமான டிக்கெட், கைச்செலவுக்குக் கொஞ்சம், அவ்வளவுதான், அதற்கே சின்னப் பசங்களுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். மற்ற எல்லோரும் கிளப்புக்குச் சந்தா கட்டி, ஹெல்மெட்டைத் தன் காசில் வாங்கி ஆடுகிறவர்கள். எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு வரியில்லாமல் தரக்கூடிய தொகையை அரசு 2021இல் ஆண்டுக்கு 840 யூரோ என்று உயர்த்தியது. எங்கள் கிளப்பில் பெரும்பாலோர் அதையும் வாங்காமல், டேப்புக்கும் ஐஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் அணியில் ஒரு லைன்மேன் இருக்கிறான், முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுப்பவன், பேக்கரி வேலை, எடை 130 கிலோவுக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ரொட்டி போட்டுவிட்டு நேராக மைதானத்துக்கு வருவான், முழங்கையில் மாவு ஒட்டியிருக்கும். மேஜையில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டுவான். டேப்பைச் சுற்றத் தொடங்குவேன், ஏங்கர் இரண்டு, ஸ்டிரப் மூன்று, ஃபிகர் எய்ட், பிறகு இரண்டு பக்கமும் ஹீல் லாக். அந்தக் கணுக்காலுக்கு ஒரு ரோல் முழுசாகத் தீர்ந்துவிடும். நாம் ஹாஸ்டலில் ஒருத்தி காலில் ஒருத்தி பழகினோமே, அதே வரிசைதான். இழுவை கொஞ்சம் கூடினாலும் "விரல் மரத்துப் போகுது" என்பான், தளர்ந்தால் முதல் கால் மணியிலேயே பிய்ந்துவிடும். அவன் எழுந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்துத் தலையாட்டும்வரை அடுத்த ஆளைக் கூப்பிட மாட்டேன்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் லீக்கில் ஆம்புலன்ஸ் குழு மைதானத்துக்கு வந்து நிற்காமல் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கவே மாட்டார். கூட்டம் உட்கார்ந்திருக்கட்டும், எதிரணி நானூறு கிலோமீட்டர் பஸ்ஸில் வந்திருக்கட்டும், வண்டி வரவில்லையா, காத்திருக்க வேண்டியதுதான். காயம்பட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டால், மாற்று வண்டி வரும்வரை ஆட்டம் நிற்கும். ஒரு நாள் அப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எனக்கு அன்று தொண்டை அடைத்துவிட்டது, உண்மையாகச் சொல்கிறேன்.

சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு முழு நாள் நாங்கள் இதற்கென்றே பயிற்சி செய்வோம். கழுத்தில் அடி என்று சந்தேகம் வந்தால் ஹெல்மெட்டை மட்டும் கழற்றக் கூடாது. தோள் கவசம் முதுகைத் தூக்கி வைத்திருக்கும், ஹெல்மெட்டை எடுத்தால் தலை பின்னால் தொங்கிவிடும். எனவே ஹெல்மெட்டை விட்டுவிட்டு முகக் கம்பியை மட்டும் கழற்றி மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். ஒருவர் இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்திருக்க, உபகரணம் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சின்ன எலக்ட்ரிக் ஸ்க்ரூ டிரைவரோடு மண்டியிடுவார். அவர் ஓய்வுபெற்ற கார் மெக்கானிக். மழையில் நனைந்து நனைந்து திருகுகள் துருப்பிடித்து வழுக்கும் என்பதால் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் எல்லா ஹெல்மெட்டின் திருகுகளையும் ஒன்றொன்றாகத் திருகிப் பார்த்து, சந்தேகம் உள்ளதை மாற்றிவிடுவார். அப்படியும் ஒன்று சுழலாவிட்டால் வெட்டுவதற்குக் கட்டர் அவர் இடுப்புப் பையில் இருக்கும். களத்தில் அவரைப் பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் ஒரு தாத்தா என்றுதான் நினைப்பார்கள்.

தலையில் அடிபடுவது இன்னும் நுட்பமான விஷயம். ஹெல்மெட் மண்டை ஓடு உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்க முடியாது. ஆள் எழுந்து நடப்பான், "எனக்கு ஒன்றுமில்லை" என்பான். நான் முதலில் செய்வது அவன் ஹெல்மெட்டை வாங்கி ஒளித்து வைப்பது. ஹெல்மெட் கையில் இருந்தால் நான் திரும்புவதற்குள் களத்துக்கு ஓடிவிடுவான், அப்படி வெறி பிடித்த பசங்க. அப்புறம்தான் கேள்விகள். நாம் எந்த மைதானத்தில் இருக்கிறோம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், மாதங்களைப் பின்னோக்கிச் சொல். மூளை குலுங்கியதா என்று சோதிக்க 2023இல் வந்த ஸ்காட் 6 படிவத்தை நீயும் பார்த்திருப்பாய். சந்தேகம் என்றாலே அன்று ஆட்டம் முடிந்தது. திரும்பி வர ஆறு படி, படிக்குக் குறைந்தது 24 மணி நேரம், நடுவில் தலைவலி கூடினால் ஒரு படி கீழே. கோச் கெஞ்சுவார், வீரன் கோபிப்பான், அவன் அம்மா மட்டும் கேன்டீனிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

2023 ஜனவரி 2ஆம் தேதி சின்சினாட்டியில் நடந்ததைப் பார்த்தாயா? பஃபலோ பில்ஸ் அணியின் டமார் ஹாம்லின், ஒருவரைச் சாய்த்துவிட்டு எழுந்து நின்றான், அடுத்த கணம் மல்லாக்க விழுந்தான். மார்பில் விழுந்த அடியில் இதயம் நின்றுவிட்டது. டென்னி கெல்லிங்டன் என்ற உதவி டிரெய்னர் அங்கேயே மண்டியிட்டு, மார்பை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் சிபிஆர் தொடங்கினார், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஹாம்லின் பிழைத்தான், அதே ஆண்டில் மறுபடி ஆடவும் ஆடினான். அதற்கு முன் அந்த டிரெய்னரின் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இதைப் பார்க்கும்போதெல்லாம் 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் நடந்ததுதான் எனக்கு நினைவுக்கு வரும். கபடி ஆட்டத்தில் பாடிப் போன கல்லூரிப் பையன், பிடியிலிருந்து துள்ளித் தப்பும்போது மார்பில் முழங்கால் பட்டு, எழ முயன்று அப்படியே சரிந்தானே, அந்த வீடியோ நம் எல்லோர் போனுக்கும் வந்ததே. என்னால் இன்னொரு முறை அதைப் பார்க்க முடியவில்லை. அவனைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் சிபிஆரும் இல்லாமல் டிஃபிப்ரிலேட்டர் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தோம். நம் ஊர் கபடிக் களங்களில் அந்த நிமிடங்கள் யார் கையில் இருக்கின்றன? 108க்கு போன் போட்டு, வண்டி வந்து, கூட்டத்தை விலக்கி உள்ளே நுழைவதற்குள் என்னவெல்லாம் ஆகிவிடும்.

அதனால் கேட்கிறேன். பொங்கல் வந்தால் உங்கள் திண்டுக்கல் பக்கம் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி. நடத்துகிறவர்கள் நன்கொடைக்கு உன் கிளினிக் படியேறுவார்கள், நீயும் கொடுப்பாய், நோட்டீஸில் உன் பெயர் போடுவார்கள். இந்தத் தடவை பணமாகக் கொடுக்காதே. அந்தப் பணத்துக்கு ஒரு தனியார் ஆம்புலன்ஸை இரவு முழுக்க களத்தின் பக்கத்தில் நிறுத்தச் சொல். வண்டி வெளியே போக ஒரு வழியைக் கயிறு கட்டி ஒதுக்கச் சொல், அந்த வழியில் யாரும் பைக் நிறுத்தக் கூடாது. அந்த ஊர்ப் பசங்களில் நாலு பேரைக் கூப்பிட்டு சிபிஆர் சொல்லிக்கொடு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழம், ஒரு மதியம் போதும். எந்தக் கிளப்புக்கும் பெரிய பணம் தேவைப்படாத விஷயங்கள் இவை, எங்கள் கிளப்பே கேக் விற்ற காசில்தானே ஓடுகிறது. உன்னிடம் முழங்காலில் சிலுவை நார் கிழிந்து வரும் கபடிப் பசங்க எத்தனை பேர் என்று எழுதியிருந்தாய், அவர்களையே முதலில் பிடி. ஆட முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் சொன்னால் மற்ற பசங்க கேட்பார்கள்.

ஜனவரியில் எங்களுக்கு ஆட்டம் கிடையாது, பயணச்சீட்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிளப்பில் சிபிஆர் பயிற்சி பொம்மை ஒன்று உபரியாக இருக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று மெக்கானிக் தாத்தா சொல்லிவிட்டார். நீ செய்ய வேண்டியது, எந்தெந்த ஊரில் என்றைக்குப் போட்டி, யார் பொறுப்பு என்று விசாரித்து டிசம்பருக்குள் எனக்கு எழுதுவது. யாரும் எளிதாக இயக்கக்கூடிய டிஃபிப்ரிலேட்டரான ஏஇடி கருவி அங்கே வாடகைக்குக் கிடைக்கிறதா என்றும் கேட்டுப் பார்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்து எத்தனை டிகிரி மடங்குகிறது? வலிக்கிறது என்று அவர் சொன்னால் விட்டுவிடுவாயே, விடாதே, காலை மாலை இரண்டு வேளையும் செய்ய வை. நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்