சீனியர்களுக்கு நன்றி சொல்வோம்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் ரசிகர்களுக்கு வணக்கம். 2024 ஏப்ரல் 7 அன்று தேசியக் கல்லூரி இறுதிப் போட்டியில் சவுத் கரோலினா அணியிடம் 87–75 என்று தோற்றதோடு கெய்ட்லின் கிளார்க், கேட் மார்ட்டின், கேபி மார்ஷல் உள்ளிட்ட சீனியர்களின் (கடைசி வருட வீராங்கனைகளின்) கல்லூரி ஆட்டம் முடிந்துவிட்டது. கிளார்க் கல்லூரி ஆட்டங்களில் மொத்தமாக எடுத்த 3,951 புள்ளிகளை ஊரே பேசுகிறது. எனக்கென்னவோ மனசில் நிற்பது மார்ட்டின்தான். முழங்கால் காயத்தால் முதல் சீசன் முழுக்க ஆடாதவர். ஆனாலும் வேறு கல்லூரிக்குத் தாவாமல் 6 வருடம் அங்கேயே இருந்தார். டபிள்யூஎன்பிஏ (அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை கூடைப்பந்து லீக்) அணிகள் புது வீராங்கனைகளைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அன்று கிளார்க்குக்குக் கைதட்டத்தான் போனார். பார்வையாளர் இருக்கையில் இருந்தவரின் பெயரை 18ஆவதாக அறிவித்தார்கள்! (அந்த முகத்தைப் பார்த்தீர்களா?)

இந்தச் சீனியர்களுக்கு நீங்கள் சொல்லும் எல்லா வாழ்த்தையும் ஒரே வீடியோவாகக் கோக்கப் போகிறேன். ஞாயிறு இரவுக்குள் 30 விநாடி குரல் பதிவு அனுப்புங்கள். இறுதிப் போட்டிப் புலம்பல் வேண்டாம், ப்ளீஸ்.