ஏரியா சபைய ராத்திரி எட்டு மணிக்குப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டுப் பக்கம் சின்ன ஊர் கடைவீதியெல்லாம் படுத்துருச்சுன்னு யாரைக் கேட்டாலும் சொல்றாங்க, பழிய ஆன்லைன் மேல பாதி காரைக்குடி மேல பாதின்னு போட்டுட்டுப் போயிடறாங்க. பஸ் ஏறினா காரைக்குடி செக்காலை ரோடு கடைங்க, அப்புறம் இங்க யாரு துணி எடுப்பா, சரிதான். ஆனா வாறுகால் (சாக்கடை) அடைச்சுக் கிடக்குறதுக்கும், சந்தைக்கு வர்ற பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை இல்லாததுக்கும், தரைக்கடை போடுற கீரைக்காரம்மாகிட்ட சந்தைக் குத்தகைக்காரர் ரசீது இல்லாம வசூல் பண்றதுக்கும் ஆன்லைனா காரணம்? இதெல்லாம் உள்ளாட்சி வேலைங்க.

அந்த உள்ளாட்சியே நமக்கு ஒழுங்கா இருந்துச்சா? 2016 அக்டோபர்ல பதவிக்காலம் முடிஞ்சது, ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர்லதான் தேர்தல், பேரூராட்சி நகராட்சிக்கெல்லாம் 2022 பிப்ரவரி வரைக்கும் இழுத்தாச்சு. அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலர்னு ஒருத்தர் கிடையாது, எல்லாம் அதிகாரி கையெழுத்துதான்.

கிராமத்துலயாவது வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபைன்னு இருக்கு. டவுன்காரனுக்கு அதே மாதிரி வார்டு ஜனங்க பகுதி பகுதியா கூடிப் பேசுற ஏரியா சபைக்கு விதியே 2022லதான் வந்துச்சு. வந்தும் எத்தனை யாவாரிக்கு அது தெரியும்? தெருவோர வியாபாரிகளுக்கு 2014 சட்டப்படி, கடை போடுற இடத்தப் பத்திப் பேச நகர விற்பனைக் குழு வேற இருக்கணும், அதுல 40 சதவீதத்துக்குக் குறையாம வியாபாரிங்களே இருக்கணும், எங்க கடைவீதியில கேட்டா முழிக்கிறாங்க.

அமெரிக்காவுல வெர்மான்ட்னு ஒரு கிராமப்புற மாநிலம், மொத்த ஜனமே 2020 கணக்குப்படி 6.43 லட்சம், நம்ம சிவகங்கை மாவட்டத்துல பாதிகூட வராது. அங்க மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம், ஊர் பட்ஜெட்டை ஜனங்களே வாதாடி ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க (நிறைய ஊரு இப்ப கூட்டத்த விட்டுட்டு ஓட்டுச்சீட்டுக்கு மாறிட்டாங்க, அது வேற விஷயம்). அதனால அங்க கடைவீதி எல்லாம் ஜொலிக்குதுன்னு சொல்ல வரல, காசு எங்க போகுதுன்னு கேக்க ஒரு இடம் இருக்கு, அவ்வளவுதான்.

நம்ம ஊருல ஒரு தனிச் சிக்கலும் இருக்கு. பெரிய வீட்டுக்கெல்லாம் வரி கட்டுறவங்க சென்னையிலயோ மலேசியாவுலயோ இருக்காங்க, திருவிழா கல்யாணம்னா வந்து பூட்டைத் திறப்பாங்க, ஓட்டு இங்க இருக்காது. கோயிலுக்கும் ஊருணிக்கும் தாராளமா கொடுப்பாங்க, அதுல நமக்குப் பெருமைதான், ஆனா கடைவீதி வாறுகாலுக்கு நன்கொடை கேட்டுப் போய் நிக்க முடியுமா? ஓட்டு இருக்குறவன் டீக்கடைக்காரன், தரைக்கடைக்காரன், வாடகைக்கு இருக்குறவன், அவனுக்குக் கூட்டத்துக்கு வர நேரமில்ல.

அதனால கேக்குறது ஒண்ணுதான். சந்தைக் குத்தகை எவ்வளவுக்குப் போச்சு, அதுல கடைவீதிக்கு எவ்வளவு செலவாச்சுன்னு தமிழ்ல எழுதி பஸ் ஸ்டாண்டுல ஒட்டட்டும், அப்புறம் ஏரியா சபைக் கூட்டத்தக் கூட்டட்டும். காலையில 11 மணிக்குப் போட்டா கடையைப் போட்டுட்டு எவன் வருவான், ராத்திரி எட்டு மணிக்குக் கடைவீதியிலயே போடுங்க, சேரெல்லாம் நாங்க போட்டுத் தர்றோம்.

இப்படிக்கு,
ஒரு கடைக்காரர், காரைக்குடி பக்கம்