பாலத்துக்கு அந்தப் பக்கம் பஸ் ஓடுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

இந்த 2021 கொரோனா ஊரடங்குல ஜூலை 5க்கு அப்புறம் என்னென்ன தளர்வுன்னு அரசு இன்னும் ரெண்டு மூணு நாள்ல சொல்லிடும், அதுக்கு முன்னாடி எங்க ஊர் நிலைமைய உங்க பத்திரிகை மூலமா சொல்லணும்னு எழுதுறேன்.

எங்களுக்கு குளித்தலை. காவிரிக்கு அக்கரையில முசிறி. நடுவுல ஒரு கிலோமீட்டருக்கு மேல நீளமான பாலம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி, சந்தை, பொண்ணு குடுக்கறது எடுக்கறது எல்லாமே ரெண்டு ஊருக்கும் ஒண்ணா நடக்குது, 1995ல கரூர் மாவட்டம் பிரிக்கிற வரைக்கும் நாங்களும் திருச்சி மாவட்டம்தானே. இப்ப பாருங்க, தொற்று அளவ வெச்சு மாவட்டங்கள வகை வகையா பிரிச்சதுல எங்க கரூர் வகை 1 (கட்டுப்பாடு அதிகம்), முசிறி இருக்கற திருச்சி வகை 2 (தளர்வு அதிகம்). ஜூன் 14ல முசிறியில டீக்கடை, சலூன் தொறந்துட்டாங்க, இங்க இல்ல. 28ல இருந்து அங்க பாதி சீட்டோட பஸ் ஓடுது, ஆனா பாலம் தாண்டி வராது.

எங்க வீட்டுக்காரர் முசிறியில ஒரு சலூன்ல முடிவெட்டுறார். வண்டிய மே மாசமே அடகு வெச்சாச்சு. காலைல கத்திரி, சீப்பு, டிபன் பாக்ஸ் எல்லாம் ஒரு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு பாலத்துல நடந்தே போறார், சாயங்காலம் நடந்தே வர்றார், நடுவுல போலீஸ் நிறுத்திக் கேட்டா விளக்கம் சொல்லணும் (அவங்க வேலை அது, தப்பு சொல்லல). கடையில ரெண்டு சேர், ஒண்ணுல ஆள் உக்காரக் கூடாதுன்னு துண்டு போட்டு மூடி வெச்சிருக்காங்க. பாதி சம்பாத்தியம்தான், அதையும் விட்டா எங்களுக்கு வழி இல்ல. ரேஷன்ல வந்த நாலாயிரமும் மளிகை சாமானும் பெரிய உதவி, மனசார நன்றி சொல்றேன், ஆனா அதுவும் தீந்து போச்சு.

ஊரடங்கே வேணாம்னு நான் சொல்ல வரல. மே 21ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 பேருக்கு தொற்று, எங்க தெருவுலயே ரெண்டு சாவு. கொஞ்சம் கொஞ்சமா தொறக்கறதுதான் சரி. ஆனா மாவட்டத்துப் பேர வெச்சு கோடு போட்டா கரூர் டவுன்ல கேஸ் இருக்குன்னு 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கற நாங்க அடைபட்டுக் கிடக்கணும், போன வருஷமும் இதே கதைதான், கரூர் மண்டலம் 1, திருச்சி மண்டலம் 4ன்னு பிரிச்சு பாலத்தைத் தாண்ட இ-பாஸ் கேட்டாங்க. கிருமி பாலத்துல நின்னு மாவட்ட போர்டு படிச்சுட்டா வருது?

தாலுகா வாரியா கேஸ் பாத்து முடிவு பண்ணுங்க. எத்தன கேஸுக்குக் கீழ வந்தா ஒரு மாவட்டம் வகை 1ல இருந்து வகை 2க்கு போகும்னு நம்பரா சொல்லிடுங்க, சொன்னா ஜனங்களும் மாஸ்க் போட்டு பொறுத்துக்குவாங்க. அது முடியிற வரைக்கும் முசிறி வரைக்கும் வர்ற பஸ்ஸ குளித்தலை பஸ் ஸ்டாண்ட் வரைக்குமாவது விடச் சொல்லுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குளித்தலை