பத்தாம் வகுப்பு தடுப்பூசி நாள் பற்றி, பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியல் வீட்டுக்கு வந்திருக்கும். இந்தப் பருவம் நல்லபடியாகவே போனது. கபடியிலும் கோ-கோவிலும் பரிசு வாங்கினோம், கலைத் திருவிழாவில் மாவட்ட அளவு வரை போனோம், நூலகத்துக்குப் புது அலமாரி வந்தது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு தேறியிருக்கிறது. உழைத்த எல்லாருக்கும் வாழ்த்துகள்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. போன வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பத்தாம் வகுப்புக்குத் தடுப்பூசி போட வந்திருந்தார்கள். மொத்தம் 112 பிள்ளைகள். ஊசி போட்டுக்கொண்டது 67 பேர். 26 பேர் அன்றைக்குப் பள்ளிக்கே வரவில்லை. மீதி 19 பேரில் சிலர் பெற்றோர் சம்மதப் படிவமே கொண்டு வரவில்லை, சிலருடைய படிவத்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் நான்கு படிவங்களில் நான்கு அப்பாக்களின் கையெழுத்தும் ஒரே பச்சைப் பேனாவில், ஒரே மாதிரி வளைவோடு இருந்தது. கேட்டதும் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களை நான் திட்டவில்லை. "அப்பாகிட்ட காட்டினா வேண்டாம்னுடுவாங்க டீச்சர்" என்று ஒருத்தி சொன்னது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

என்ன நடந்தது என்று விசாரித்ததில், முந்தின நாள் இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றியிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்காமல் செய்கிற ஊசியைப் பள்ளியில் போடப்போகிறார்கள் என்று அதில் யாரோ பேசுகிறார்கள். பயம் வந்தது இயல்புதான். பிள்ளை விஷயத்தில் பயப்படாத பெற்றோர் உண்டா? அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

வியாழக்கிழமை போட்டது டி.டி. ஊசி. ஆணி குத்தினால் போடுவோமே, அதே வகைதான். முன்பு இருந்தது ரண ஜன்னிக்கு (டெட்டனஸ்) மட்டும், இப்போது அதோடு தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய்க்கும் சேர்த்து வருகிறது. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டு பேருக்கும் ஒரே ஊசிதான். கைக்குழந்தையில் போட்டாயிற்றே, மறுபடி எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். அந்த ஊசியின் வலு வருடம் போகப் போகக் குறைகிறது. அதனால்தான் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று என்று வைத்திருக்கிறார்கள். தொண்டை அடைப்பானை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி படர்ந்து மூச்சை அடைக்கும், அதன் நச்சு இதயத்தையும் தாக்கும். 2016-ல் பக்கத்து மாநிலத்தில், மலப்புரத்தில் அது திரும்ப வந்தபோது நம் பிள்ளைகள் வயதில் இருந்தவர்கள் உயிரிழந்தார்கள்.

குரல் பதிவில் பேசியவர் சொல்ல வந்தது எச்.பி.வி. ஊசி பற்றி என்று நினைக்கிறேன். அது வேறு ஊசி, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கு. அது அன்றைக்கு நம் பள்ளியில் போடப்படவில்லை. ஆனால் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக அதைப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்கியிருப்பதால், அதைப் பற்றியும் இப்போதே பேசிவிடுவது நல்லது. இந்தியாவில் இந்தப் புற்றுநோயால் வருடத்துக்கு ஏறக்குறைய 80,000 பெண்கள் இறக்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த ஊசியைப் போடுகிறார்கள், இதனால் குழந்தைப்பேறு பாதிக்கப்படும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசி கிடைத்த தலைமுறைப் பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதை 2021-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

அந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணமும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் எச்.பி.வி. ஊசியை ஒரு திட்டமாகப் போட்டுப் பார்த்தார்கள். ஏழு பிள்ளைகள் இறந்துவிட்டதாகச் செய்தி வந்ததும் 2010-ல் நிறுத்திவிட்டார்கள். விசாரித்தபோது அந்த இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று தெரியவரவில்லை. ஆனால் இன்னொன்று தெரிந்தது. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய எத்தனையோ படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்பதுதான் என் கருத்தும். பச்சைப் பேனா படிவங்களை நான் ஏன் திருப்பிக் கொடுத்தேன் என்பது இப்போது உங்களுக்குப் புரியும். உங்கள் பிள்ளைக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், பிள்ளையே போட்டுக்கொள்ளவும் விட மாட்டேன்.

அதே காலத்தில் நம் நாட்டில் எச்.பி.வி. பற்றி வேறொரு ஆய்வும் நடந்துகொண்டிருந்தது, திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையும் அதில் ஓர் இடம். 2010-ல் ஊசியை நிறுத்தச் சொன்னதால் இரண்டு, மூன்று தவணை போட்டுக்கொள்ள வேண்டிய ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். அவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்ததில் ஒரு தவணையே நீடித்த பாதுகாப்புத் தருவது தெரிந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை போதும் என்று ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். நம் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது. அதை நினைத்தால் எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று ஒரு மாணவி மயங்கி உட்கார்ந்தாள். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தாள், ஊசியைப் பார்த்த பயம் வேறு. படுக்க வைத்து, தண்ணீர் கொடுத்ததும் பத்து நிமிடத்தில் எழுந்து வகுப்புக்குப் போய்விட்டாள். அதற்குள் யாரோ சுற்றுச்சுவருக்கு மேலே கையை நீட்டிப் படம் எடுத்து, "ஊசி போட்டதும் விழுந்த மாணவி" என்று குழுவில் போட்டிருக்கிறார்கள். அவளுடைய முகம் தெளிவாகத் தெரிகிறது. பதினைந்து வயதுப் பெண் பிள்ளை, மறுநாள் பள்ளிக்கு வர மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். இன்னொரு முறை பள்ளி மாணவர் யாருடைய படமாவது இப்படி வெளியே போனால் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பேன். யாருடைய பெற்றோர் என்று பார்க்க மாட்டேன். படத்தை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.

2017-ல் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது நான் வேறொரு பள்ளியில் ஆசிரியை. அப்போதும் இதே மாதிரி வாட்ஸ்அப் செய்திதான், பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை நீண்டது. ஓர் அம்மா காலை முதல் வாசலில் நின்றுகொண்டு, மகளை அனுப்பவும் மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போகவும் மனமில்லாமல் தவித்தார். உள்ளே கூப்பிட்டு செவிலியர் பக்கத்தில் உட்கார வைத்தோம். கேட்க நினைத்ததையெல்லாம் கேட்டார், அப்புறம் அவரே மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அதையேதான் உங்களிடமும் கேட்கிறேன். வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள், வந்து கேளுங்கள். கேட்ட பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் "வேண்டாம்" என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள். அதற்காக உங்கள் பிள்ளையை இங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், அது என் பொறுப்பு.

படிவத்தை நேரத்தோடு அனுப்பியவர்களுக்கும், அன்று வேலையை விட்டுவிட்டு வந்து பிள்ளைகளை வரிசையில் உட்கார வைத்த பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களுக்கும், மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் ஒவ்வொரு பிள்ளையிடமும் பேசிப் பேசி ஊசி போட்ட செவிலியருக்கும் என் மனமார்ந்த நன்றி. குரல் பதிவைக் கேட்டதும் யாருக்கும் அனுப்பாமல் நேராக எனக்குப் போன் செய்து கேட்ட மூன்று பெற்றோருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

விடுபட்டவர்களுக்காக வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குச் செவிலியர் மறுபடி வருகிறார். செவ்வாய் மாலை நான்கு மணிக்கு மருத்துவரும் வந்து உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா யார் வேண்டுமானாலும் வரலாம். அன்று முடியாதவர்கள் எந்தப் புதன்கிழமையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். கையில் ஒன்றிரண்டு நாள் வலியோ லேசான காய்ச்சலோ இருக்கலாம். படிவம் தொலைந்திருந்தால் அலுவலகத்தில் வேறு வாங்கிக்கொள்ளுங்கள். புதன்கிழமை பிள்ளை காலையில் சாப்பிட்டுவிட்டு வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியை