பொம்மை ரயில் அல்ல, கரி ரயில்: கண்காட்சிப் பொறுப்பாளர்களுக்கு நான்காவது மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். எதைப் பற்றி எழுதுகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். மூன்று கடிதங்கள் போட்டாயிற்று; பார்வையாளர் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தேன். அமெரிக்காவின் ஈஸ்ட் பிராட் டாப் ரயில் படத்தின் கீழே, "1960-இல் சுற்றுலாவுக்காகத் தொடங்கப்பட்ட பொம்மை ரயில்" என்ற வரி இன்னும் அப்படியே இருக்கிறது.

போன சனிக்கிழமை பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு சிறுமி நோட்டைச் சுவரில் அழுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு அந்த வரியை எழுதினாள். 'பொம்மை'க்கு அடிக்கோடு வேறு. அழித்துவிடு கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். பலகையை விட்டுவிட்டு முன்பின் தெரியாத கிழவனையா நம்புவாள்?

முப்பது ஆண்டுகள் ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவன் நான். பென்சில்வேனியா மாநிலத்தின் அந்தப் பாதை, வேலை தொடங்கிய 1872-இலிருந்து இரண்டே ஆண்டில் ராபர்ட்ஸ்டேல் ஊரின் நிலக்கரியை எட்டியது. பிராட் டாப் என்பது மலையின் பெயர். பாதை 3 அடி அகலம்தான். ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வந்து மவுண்ட் யூனியன் ஊரை அடைந்தால், அங்கே பெரிய ரயில்வேயின் தண்டவாளம் 4 அடி 8½ அங்குலம். கரியை இறக்கி வேறு வேகனில் ஏற்ற வேண்டும். பெரிய வேகனைக் குறுகிய பாதையில் அனுப்ப வேண்டுமானால், கிரேனால் அதன் ஒரு முனையைத் தூக்கி, போகியை (அடியிலிருக்கும் சக்கரத் தொகுதியை) வெளியே உருட்டிவிட்டு, குறுகிய போகியை அடியில் நுழைப்பார்கள், பிறகு மறுமுனை. தூக்கிநிறுத்திய வேகனுக்கு அடியில் ஒருமுறை கையை நீட்டியிருந்தால், 'பொம்மை' என்று எழுத மனம் வந்திருக்காது.

1956-இல் கரி ஓட்டம் நின்றது. பழைய இரும்பு வியாபாரி நிக் கோவால்சிக் அதை வாங்கினார். உடைத்து விற்காமல் வைத்திருந்து, 1960-இல் ஒரு பகுதியில் சுற்றுலா ரயிலை ஓட்டினார். தங்கள் பலகையின் ஆண்டு அங்கிருந்து வந்ததுதான். அதற்கு முந்தைய 82 ஆண்டுக் கரி எங்கே போயிற்று? 1964-இல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது பொம்மையைத்தானா?

அந்த வரியை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். "இதையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்?" என்றார் தங்கள் ஊழியர். அந்தச் சிறுமி படித்தாள். வாசலில் செல்ஃபி எடுக்க நிறுத்தியிருக்கும் இன்ஜினுக்கு ஓர் ஆண்டில் இரண்டு முறை வண்ணம் பூசினீர்கள், சிவப்பு, பிறகு இன்னும் சிவப்பு. டிக்கெட் விலையை ஒரே இரவில் மாற்றத் தெரிந்த கைக்கு ஒரு வரியை மாற்ற எட்டு மாதம் போதவில்லை.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள்: "1874 முதல் 1956 வரை நிலக்கரி சுமந்த பாதை, 1960-இல் சுற்றுலா ரயிலானது." புதுப் பலகைக்கு நாளாகுமென்றால் அதுவரை ஒரு தாளை ஒட்டினாலும் போதும். பசை நான் கொண்டுவருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்