பை ஏறுகிறது, குடல் பட்டினி கிடக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் என் அண்ணனுக்குக் குடல் அடைப்பு வந்து, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள், மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சம் ஆகாரம் கொடுக்கலாம் என்றார் டாக்டர். மதினி மாட்டேன் என்று நின்றுவிட்டார். பால்போல வெள்ளைப் பை ஒன்று கழுத்து ரத்தக்குழாயில் ஏறிக்கொண்டிருந்தது. "சத்து நேரே ரத்தத்துக்கே போகிறது. வெட்டித் தைத்த குடலை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துக் கேட்ட தாளோ முழுக்க ஆங்கிலம்.

இரவுப் பணிக்கு வந்த நர்ஸ்தான் விளங்கவைத்தார். குடலின் உள்தோல் தனக்கு வேண்டியதில் பெரும்பகுதியைத் தன்மேல் ஓடும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறதாம். நான் கன்னடியன் கால்வாய்ப் பாசனக்காரன், சட்டென்று பிடிபட்டது. வாயால் உண்டால் குடல் தலைமடை. தன் வயல் நனைந்த பிறகுதான் மற்ற உறுப்புகளுக்கு விடும். ரத்தத்தில் ஏற்றினால் அதே குடல் கடைமடை.

ஊருக்கு வந்ததும் நர்சிங் படிக்கும் பேத்தியிடம் கேட்டேன். சிறுகுடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள் சர்க்கரை அல்ல, புரதத்தில் உள்ள குளூட்டமின் என்ற அமினோ அமிலம் என்றாள். பெருங்குடல் செல்களுக்கோ பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம்; அவற்றின் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் அதிலிருந்துதான். நாம் தின்னும் நார்ச்சத்தைக் குடல் கிருமிகள் புளிக்கவைத்து அதை உண்டாக்குகின்றன. அந்த வெள்ளைப் பையில் நார் ஏது? சிறுகுடலின் உள்தோல் 3 முதல் 5 நாளில் முழுக்கப் புதிதாகிறது. ஆகாரம் வராவிட்டால் அதிலுள்ள விரல்போன்ற துருத்தல்கள் குட்டையாகிவிடும். எலிகளில் இது வேகமாக நடக்கும், மனிதரில் மெதுவாக, குறைவாகத்தான் என்றும் சொன்னாள். பயமுறுத்த அவளுக்கு விருப்பமில்லை.

வெள்ளைப் பையைக் குறை சொல்லவில்லை. ரத்தக்குழாய் வழி உணவிலேயே ஒரு பச்சைக் குழந்தை வளர முடியும் என்று 1968இல் பிலடெல்பியாவில் டட்ரிக் என்ற மருத்துவர் காட்டினார். குடல் வேலை செய்யாதவர்களுக்கு அதுதான் உயிர். காய்ச்சல் வந்தாலே "ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்கிறோமே, அதுதான் வேடிக்கை. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, 100 கலோரிகூட இல்லை. இரண்டு இட்லிக்குச் சமம்.

மதினி இரவு பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார். மணிக்கு 20 மில்லி கணக்கில் குழாயில் இறங்கத் தொடங்கியது. விடியும்போது அண்ணன் வயிறு கடகடவென்று உருண்ட சத்தத்தை, மதினி காது வைத்துக் கேட்டார்.

இந்த விவரத்தை ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து, கையெழுத்து வாங்கும் முன்பே கொடுத்தால் அரை நாள் வீணாகாது. உங்கள் மருத்துவப் பக்கத்திலும் எழுதுங்கள். எழுதித் தர ஆள் இல்லையென்றால் என் பேத்தி இருக்கிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வீரவநல்லூர்